கோலின் சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் திருத்தணியில் எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. கோலின் சார் என்றால்தான் தெரியும். ரேஷன் கடைக்குப் போய், கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்று ஒருநாள் திரும்பி வந்தார், அன்று பிடித்தது இந்தக் கோலின் கிறுக்கு. நினைவாற்றலுக்கு எந்தக் கோலின் மாத்திரை வாங்கலாம் என்று எட்டு மாதமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு மாத்திரையும் வாய்க்குள் போகவில்லை.

நாலு பெண் பார்த்து நாலையும் தட்டிக்கழிக்கும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரிதான். கோலின் பைடார்ட்ரேட் விலை மலிவு. ஆனால் டப்பாவில் 500 மி.கி. என்று போட்டிருந்தாலும் உள்ளே கோலின் 200-க்குச் சற்று மேல்தான், மீதி டார்டாரிக் அமிலக் கணக்கு. "பால்காரன்கூட இவ்வளவு தண்ணி கலக்க மாட்டான் சார்!" சிட்டிகோலின்? அது பக்கவாதம் வந்தவர்களுக்கு டாக்டர் எழுதுவது, வாங்கினால் தெருவில் என்ன பேசுவார்கள்? ஆல்ஃபா ஜிபிசி விலையைப் பார்த்தாலே இருக்கிற ஞாபகமும் போய்விடும். அளவு மீறினால் வியர்வையில் மீன் வாடை அடிக்கும் என்று வேறு படித்துவிட்டார். கிருத்திகை விரதக்காரர் மேல் மீன் வாடை அடித்தால் முருகன் மலைக்கு எப்படிப் போவது?

இதையெல்லாம் டீக்கடையில் ஒரு எண் பிசகாமல் சொல்வார். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்ததையும், சித்தூர் ஜில்லாவில் படுத்த அவருடைய அப்பா செங்கற்பட்டு ஜில்லாவில் கண்விழித்ததையும் நேற்று நடந்ததுபோல் விவரிப்பார். மறப்பதெல்லாம் மனைவி வாங்கிவரச் சொன்ன புளியும், பிறரிடம் வாங்கிய கைமாற்றும் மட்டுமே.

ஆணுக்கு நாளொன்றுக்கு 550 மி.கி. கோலின், பெண்ணுக்கு 425 போதும் என்று 1998-ல் அமெரிக்க நிபுணர்கள் சொன்னதை ஒருநாள் வீட்டில் வாசித்துக் காட்டினார். "எனக்குக் கம்மியா வச்சே இந்த வீட்டுல எல்லாத்தையும் நான்தானே ஞாபகம் வச்சுக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

முட்டைக் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு பெரிய முட்டையில் கிட்டத்தட்ட 147 மி.கி. கோலின், ஏறக்குறைய அத்தனையும் மஞ்சள் கருவில். சார் முட்டை சாப்பிடுகிறவர்தான். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பக்கத்துத் திருப்பதிக்கு. இவற்றோடு கிருத்திகை, சஷ்டி போக மிஞ்சும் நாட்களில் தினம் ரெண்டு. ஆனால் கொலஸ்ட்ராலுக்குப் பயந்து வெள்ளையை மட்டும் தின்று, மஞ்சள் கருவை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டுவிட்டு, கோலின் விலைப்பட்டியலோடு உட்கார்ந்துவிடுவார். அந்த நாயின் ஞாபகத்தைப் பற்றி என்ன சொல்ல! மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒருமுறை கல்லெறிந்த கேபிள்காரரை இன்றைக்கும் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொள்கிறது.

"உங்களுக்குப் பித்தம் தலைக்கேறிப் போச்சு" என்கிறார் மனைவி. வசவு என்று ஒதுக்க முடியாது. பித்தத்திலிருந்து பிரித்ததால்தான், பித்தத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்து, 1862-ல் ஸ்ட்ரெக்கர் என்ற ஜெர்மானியர் அதற்குக் கோலின் என்று பெயரிட்டார். பித்தத்தைத் தலைக்கேற்றத்தானே சார் பாடுபடுகிறார்!

ஞாபகத்தைச் சோதிக்க மலைப்படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். வருடத்துக்கு நாள் எத்தனையோ படியும் அத்தனை, 365. சாருக்கு ஒருநாள் 341 வரும், ஒருநாள் 372. கோலின் குறைபாடு என்பார். கூட ஏறியவனுக்குத்தான் காரணம் தெரியும்: படிக்குப் படி எனக்குக் கோலின் பாடம் நடந்தது.

போன டிசம்பர் 31 படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் ஏறியது. நாக்கைச் சுளுக்க வைக்கும் சந்தத்தைப் புத்தகம் பாராமல் பாடி வந்த ஒரு பாட்டியைச் சார் மடக்கினார்.

"பாட்டிம்மா, நீங்க என்ன சப்ளிமெண்ட் எடுத்துக்கறீங்க?"

"ஞாயித்துக்கிழமை பேப்பரோட குடுப்பானே, அதுவா? எங்காத்துல பேப்பரே வாங்கறதில்லப்பா" என்றபடி பாட்டி அடுத்த படிக்கு அடுத்த பாட்டை எடுத்துவிட்டாள்.

மாத்திரை முடிவாகும் வரைக்கும் இடைக்கால ஏற்பாடு வல்லாரை. கூடைக்காரம்மா நகரி பக்கத்துக்காரர். அவருக்கு அது சரஸ்வதி ஆக்கு. வல்லாரையில் கோலின் எவ்வளவு என்ற சாரின் கேள்விக்கு இதுவரை பதில் சொன்னதில்லை. நேற்று மூன்றாவது கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தவரை நிறுத்தினார்.

"சாரு, ஆடிக் கிருத்திகைக்கு மொத நாளு ஒரு கட்டு, போன திங்கக்கிழம ஒண்ணு, இதோட மூணு. காசு?"

சார் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா, சுத்தமா மறந்தே போச்சு. இதுக்குத்தான் நான் இத்தனை மாசமா அலையறேன்" என்றவர், கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். "நாளைக்கு ஞாபகப்படுத்து."