பிரெஞ்சுச் சொல் ஊகவியல்: பெங்களூர்த் தண்டுப் பகுதித் தமிழரை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

ஆங்கிலம் அறிந்த ஒருவர் பிரெஞ்சுச் சொல்லொன்றை முதன்முறை காணும்போது, அகராதியைத் திறக்காமலும் ஆசிரியரைக் கேட்காமலும், தமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லின் சாயலை அதில் கண்டு பொருளை முடிவுசெய்துகொள்ளும் செயல் இக்கட்டுரையில் 'ஊகம்' எனப்படும். அவ்வாறு பெற்ற பொருள் சரியாக அமையின் அது 'படித்தது' என்றும், தவறாக அமையின் 'சிலபஸில் இல்லாதது' என்றும் மாணவரிடையே வழங்கும். பெங்களூரில் ஊகத்தைக் கையாள்வோர் மூவகையினர்: பி.யு.சி.யில் மதிப்பெண் கருதிப் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்தோர். கனடாக் குடியேற்றத்திற்கான புள்ளிகளைக் கருதிச் சனி, ஞாயிறுகளில் படிக்கும் மென்பொருள் ஊழியர். வசந்த நகர், திம்மையா சாலையிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் படம் பார்க்கப் போய் வகுப்பில் சேர்ந்துவிட்டோர். மொழியின்மீது கொண்ட காதலால் மட்டுமே படிப்பதாகச் சொல்வோர் நான்காம் வகையாகார். விசாரித்தால் அவர்களும் மேற்சொன்ன மூன்றனுள் ஒன்றில் அடங்குவர்.

ஊகத்திற்கு அடிப்படை உண்டோ எனின், உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நெடுங்காலம் கோலோச்சியமையால், அம்மொழிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்தில் கலந்தன. ஏறத்தாழ 80,000 ஆங்கிலச் சொற்களை எடுத்து ஆராய்ந்து 1973இல் ஃபிங்கன்ஸ்டேட், வோல்ஃப் ஆகிய இருவரும் வெளியிட்ட கணக்கின்படி, அவற்றுள் சுமார் 28 விழுக்காடு பிரெஞ்சு வழி வந்தவை. ஆகவே ஆங்கிலம் படித்த தமிழர், பிரெஞ்சுக்கென்று தனியே கட்டணம் கட்டுவதற்கு முன்பே, அதில் ஒரு பங்கை ஆங்கில வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டார் என்பது பெறப்படும்.

களம்

இவ்வாய்வுக்குப் பெங்களூரின் கன்டோன்மென்ட் பகுதி களமாகக் கொள்ளப்பட்டதற்குக் காரணம், அப்பகுதியின் வரைபடமே ஒரு பிரெஞ்சுப் பாலபாடமாக அமைந்திருப்பதாகும். ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டினத்தை விட்டு 1809இல் இங்கு வந்து தங்கியது. கன்னடத்தார் அவ்விடத்தைப் படை என்னும் பொருளில் 'தண்டு' என்று இரண்டே அசையில் முடித்துக்கொள்ள, ஆங்கிலேயரோ பிரெஞ்சிலிருந்து கடன்பெற்ற 'கன்டோன்மென்ட்' என்னும் பெயரைச் சூட்டினர். சிவாஜி நகரிலிருந்து ரெசிடென்சி ரோட்டுக்கு ஆட்டோவில் செல்லும் ஒருவர், மீட்டருக்கு மேல் கொடுக்கும் தொகைக்கு ஈடாக, இன்ஃபன்ட்ரி ரோடு, பரேட் மைதானம், பிரிகேட் ரோடு என வழிநெடுகப் பிரெஞ்சுச் சொற்களைப் பெற்றுக்கொண்டே போகிறார். அருகிலுள்ள கமிசரியட் ரோட்டையும் பார்த்துவிட்டால் முதல் பாடம் முடிந்தது. கவல்ரி ரோடு காமராஜ் சாலை ஆனதால் பாடத்தில் ஒரு சொல் குறைந்ததெனினும், அதற்காகத் தமிழர் எவரும் வருந்தவில்லை.

பகைவர் மொழியை ஆங்கிலப் படை ஏன் எடுத்துக்கொண்டது என்பது இங்கு எழும் தடை. அதற்கு விடை, 17ஆம் நூற்றாண்டு முதல் போர்க்கலையில் ஐரோப்பாவுக்கே பிரான்சு ஆசானாக விளங்கியமையால், பிரான்சை எதிர்ப்பதற்கும் பிரெஞ்சுச் சொல்லே தேவைப்பட்டது என்பதாம். ஹைதருக்கும் திப்புவுக்கும் துணைநின்ற பிரெஞ்சு வீரர் பாளையமிட்டிருந்த இடத்திற்கு, இன்று பாண்டவபுரம் எனப்படும் ஊருக்கு, ஆங்கிலேயர் 'பிரெஞ்சு ராக்ஸ்' என்று பெயரிட்டனர். அப்பெயரில் முதற்சொல் பிரெஞ்சுக்காரரைச் சுட்ட, 'ராக்' என்னும் இரண்டாம் சொல் பிரெஞ்சிலிருந்தே வந்தமை கருதத்தக்கது.

இக்களத்தில் தமிழருக்கு உரிமையான சொல் ஒன்றும் உண்டு. 1780இல் தோன்றி, பின்னர் அல்சூர் ஏரிக்கரையில் நிலைகொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படுவர். கோட்டை மதிலை நெருங்குவதற்காக வெட்டும் அகழிக்குப் பிரெஞ்சில் 'சாப்' என்று பெயர். அதை வெட்டுபவர் 'சாப்பர்'. ஆனால் இன்றைய பிரான்சில் 'சாப்பர் பொம்பியே' என்பவர் தீயணைப்பு வீரர். ஆகவே சாப்பராக இருந்து ஓய்வுபெற்றவரின் பேரப்பிள்ளை பிரெஞ்சுச் செய்தித்தாளை ஊகத்தால் படிப்பாராயின், தாத்தாவின் படைப்பிரிவு பாரிசில் மரத்திலேறிப் பூனையைக் காப்பாற்றியதாக அறிந்து பெருமிதம் கொள்ள இடமுண்டு.

விதிகள்

முதல் விதி: ஆங்கிலத்தில் 'ஸ்' முதலான கூட்டொலியால் தொடங்கும் சொல், பிரெஞ்சில் அந்த ஸ்-ஐ இழந்து எகரத்தால் தொடங்கும். 'ஸ்கூல்' அங்கே 'எக்கோல்'. 'ஸ்டூடன்ட்' அங்கே 'எத்யூதியாங்'. 'ஸ்பைஸ்' அங்கே 'எப்பீஸ்'. இது நேர்ந்த வகை யாதெனின், லத்தீனைப் பேசிய மக்களுக்கு அக்கூட்டொலியைத் தொடக்கத்தில் சொல்ல நா வராமையால் முன்னே ஓர் உயிரைச் சேர்த்து 'எஸ்கோல்' என்றனர்; பின்வந்தோர் ஸ்-ஐயும் கைவிட்டனர். சிவாஜி நகர் பஸ் 'இஸ்டாண்டில்' நின்று பிள்ளையை 'இஸ்கூலுக்கு' அனுப்பும் தமிழர், இம்மாற்றத்தின் முதற்பாதியை எவரிடமும் கற்காமல் தாமே செய்து முடித்திருக்கிறார். அவரை உச்சரிப்புக்காகக் கேலி செய்வோர், பிரெஞ்சு மொழியின் பிறப்பையே கேலி செய்தவராவர்.

இரண்டாம் விதி: உயிரெழுத்தின் தலையில் தொப்பி போன்ற குறி இருப்பின், அதன்பின் ஸ் ஒன்று முன்னர் இருந்து மறைந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'ஃபோரே' என்பதில் ஸ்-ஐச் சேர்க்க 'ஃபாரஸ்ட்' கிடைக்கும். 'ஓப்பித்தால்' என்பதில் சேர்க்க 'ஹாஸ்பிடல்' கிடைக்கும். இவ்விதிப்படி ஹோட்டலும் ஹாஸ்டலும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாகும். இரண்டிலும் உண்டு பார்த்தவர் இதை ஒப்புக்கொள்ள மறுப்பர். எனினும் மொழியியல் நாக்கைச் சாட்சியாக ஏற்பதில்லை.

மூன்றாம் விதி ஒலிப்பு பற்றியது. பிரெஞ்சில் சொல்லின் ஈற்றிலுள்ள மெல்லின மெய் தனியே ஒலிக்காமல் முந்திய உயிரோடு மூக்கொலியாகக் கரைந்துவிடும். இதற்காக ஆங்கிலவழி மாணவர் பல வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பயில்வர். பேச்சுத் தமிழிலோ 'வந்தான்', 'மரம்' முதலியவற்றின் ஈற்று மெய்யை அவ்வாறே விழுங்குவது வழக்கமாதலின், கண்ணுக்கு ஆங்கிலத்தைத் துணைகொண்ட மாணவர் வாய்க்கு அல்சூர்ச் சந்தைத் தமிழைத் துணைகொள்வது நலம்.

உறவுமுறை

சொற்கள் ஒத்திருப்பதால் மட்டும் இரு மொழிகள் நெருங்கிய உறவாகிவிடா. பெங்களூர்த் தமிழர் கன்னடத்தைக் கற்றதும் ஊகத்தால்தான்: சொல் முதலில் வரும் பகரத்தை ஹகரமாக்கினால் பால் 'ஹாலு' ஆகும், பல் 'ஹல்லு' ஆகும், பத்து 'ஹத்து' ஆகும், புலியும் 'ஹுலி' ஆகும். கண், கால், கை ஆகியவற்றுக்கு இம்மாற்றமும் வேண்டியதில்லை. இங்கே ஒத்துப்போகின்றவை உடலுறுப்பு, உணவு, எண் போன்ற சிறு சொற்கள் என்பதைக் குறித்துக்கொள்க. ஆங்கிலத்திற்கும் பிரெஞ்சுக்குமோ அவற்றில் ஒற்றுமை அரிது. 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'கான்ஸ்டிடியூஷன்', 'ரெவல்யூஷன்' போன்ற நெடுஞ்சொற்களில் எழுத்து மாறாத ஒற்றுமை காணப்படும். காரணம், தமிழும் கன்னடமும் பங்காளிகள். ஆதலின் அடுப்படியும் பாத்திரமும் பொது. ஆங்கிலமும் பிரெஞ்சும் சம்பந்திகள். ஆதலின் பட்டுப்புடவையும் பத்திரிகையும் மட்டுமே பொது. ஆங்கிலம் ஜெர்மானியக் கிளையையும் பிரெஞ்சு லத்தீன் கிளையையும் சேர்ந்தவை; இந்தோ-ஐரோப்பியம் என்னும் மூதாதை வழிச் சொந்தம் உண்டெனினும், அது பந்தியில் பக்கத்தில் உட்காரும் அளவுக்கு நெருக்கமானதன்று.

புறனடை

விதிகளுக்கு அடங்காத சொற்களுக்குக் கோஸ்லர், தெரொகிஞி ஆகிய இரு பிரெஞ்சு அறிஞர் 1928இல் வெளியிட்ட நூலில் 'பொய் நண்பர்' என்று பெயரிட்டனர். அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்னும் எளிய பிரெஞ்சு வாக்கியத்தை எழுத்தில் கண்டு ஊகிப்பவர், ரொட்டியைக் குறிக்கும் சொல்லை 'பெயின்' என்றும், ரொட்டி அடுப்பைக் குறிக்கும் சொல்லை 'ஃபோர்' என்றும் படித்து, நான்கினுள் வலி இருப்பதாக மொழிபெயர்ப்பார். எழுத்துக்கூட்டு மாறாமல் அமைந்த இவ்வொற்றுமையில், நட்பு இம்மியும் இல்லை. அவ்வாறே 'லிப்ரேரி' எங்கே என்று பிரெஞ்சுக்காரர் கேட்டால், கப்பன் பூங்காவிலுள்ள சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டப நூலகத்தைக் காட்டுவது பிழை. அவர் தேடுவது புத்தகக் கடையாதலின் சர்ச் ஸ்ட்ரீட்டைக் காட்டுதல் வேண்டும்.

பொய் நண்பர் பெங்களூரில் மட்டும் மெய் நண்பராக மாறும் நிலையும் உண்டு. பிரெஞ்சில் 'லொக்காசியோங்' என்பதற்கு இடம் என்பது பொருளன்று. வாடகைக்கு விடுதல் என்பதே பொருள். இந்திரா நகரிலோ கோரமங்களாவிலோ வீடு தேடுபவரிடம் புரோக்கர் "லொக்கேஷனைப் பாருங்க சார்" என்று தொடங்கும்போதே, பத்து மாத அட்வான்ஸுடன் வாடகையைத்தான் அவர் பேசுகிறார் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். இவ்விடத்தில் பிரெஞ்சுப் பொருளே சரியான பொருள் என்க.

முடிபு

மேற்கூறியவற்றால், நெடுஞ்சொல்லைப் பெரும்பாலும் நம்பலாம், குறுஞ்சொல்லைச் சோதித்த பின்னரே நம்ப வேண்டும் என்பது பெறப்பட்டது. ஊகத்தை மட்டுமே கொண்டு பாரிசுக்குச் செல்லும் பெங்களூர்த் தமிழர், அரசியலமைப்புத் திருத்தம், பன்னாட்டு ஒத்துழைப்பு, பொதுநிர்வாகச் சீர்திருத்தம் ஆகியவற்றை முதல் நாளே விவாதிக்க வல்லவராவார். அரிசிக்குரிய பிரெஞ்சுச் சொல் 'ரி' ஆதலால் சோறு கிடைக்கும். 'கஃபே' என்றால் காப்பியும் வரும். ஆனால் தண்ணீர் அங்கே 'ஓ', பால் அங்கே 'லே'. இவ்விரண்டையும் எந்த ஆங்கிலத்தாலும் ஊகிக்க இயலாது. ஆகவே, விமானம் ஏறுமுன் அரசியல் சொற்களை ஊகத்திற்கு விட்டுவிட்டு, காப்பியில் ஊற்றுகின்றவற்றின் பெயர்களை மட்டுமேனும் உருப்போட்டுக்கொள்ள வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. அதுவும் இயலாதவர் கன்னடத்தை முயன்று பார்க்கலாம். பலன் ஒன்றும் இராதெனினும், கேட்ட சொல்லாவது சரியான சொல்லாக இருக்கும்.