பழைய வண்டின்னா வேர்க்கும் சார்

பழைய அம்பாசடரின் பின்புறத்திலிருந்து 'ஊய்ங்' என்று ஊளை கிளம்பினால் அதன் மூலத்தைத் தேடித் திண்டாடுவோர் உண்டு. எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணனுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே "டயர்தான் சார்" என்று சொல்லிவிடும் ஞானதிருஷ்டி அவருக்கு. வண்டியில் ஏறி ஒரு சுற்று போய், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அற்பத்தனம் அவரிடம் இல்லை.

அற்பர்கள் செய்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறினால் சத்தமும் மாறுகிறதா என்று பார்ப்பார்கள், மாறினால் டயராம். போகிற வேகத்திலேயே இடப்பக்கம் லேசாக ஒடிப்பார்கள். பாரம் வலச் சக்கரத்தில் இறங்கும்போது இரைச்சல் கூடினால் வலப்பக்க வீல் பேரிங்காம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் அமைதி என்றால் கிரவுன் பினியனாம். பைசா செலவில்லாமல் நோயைக் கண்டுபிடித்துவிட்டால் தொழில் என்ன ஆவது?

அண்ணன் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. முதலில் என் வண்டியின் பின்டயர் இரண்டையும் மாற்றினார். ஊளை போகவில்லை. "புது டயர் பழகணும் சார்." நியாயம்தான். அடுத்து வீல் பேரிங். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபக்கம் கோபித்துக்கொள்ளும் என்று இரண்டு பக்கமும். பிறகு புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ். அது தேய்ந்தால் 'டொக்'கென்று தட்டும், வண்டி அதிரும், ஊளையிடாது என்பார்கள் படித்தவர்கள். படித்தா அவர் தொழிலுக்கு வந்தார்?

ஆனாலும் அவருடைய மேதைமை முழுதாக வெளிப்பட்டது டிஃபரன்ஷியலில். 1958 முதல் 2014 வரை உத்தரப்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்த அம்பாசடர் எல்லாமே பின்சக்கர ஓட்டம். இன்ஜினின் இழுவை முழுவதும் பின் ஆக்ஸில் நடுவிலுள்ள உருண்டைக்குள் போய்த்தான் சக்கரங்களின் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே கிரவுன், பினியன் இரண்டின் பற்களும் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்யும். கெட்டியான தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் இடையில் இருந்தாக வேண்டும். பினியன் வாயிலுள்ள ஆயில் சீல் கசிந்தால் ஆயில் இறங்கும், பல் தேயும், ஊளை பிறக்கும். அளவு பார்க்க ஹவுசிங்கிலேயே ஒரு பிளக் உண்டு. கழற்றி விரலை விட்டால் துளையின் விளிம்பில் ஆயில் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஸ்பேனர் வேலையை ஒரு மேதையிடம் போய்ச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஹவுசிங்கின் அடியில் கருகருவென்று படிந்திருந்த பிசுக்கை அவர் பார்க்காமல் இல்லை. "பழைய வண்டின்னா வேர்க்கும் சார்" என்று துணி எடுத்துத் துடைத்தார். என்ன தாயுள்ளம்!

கடைசியில் பினியனையே மாற்றினார். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பதமாக்கப்பட்டவை, மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பது பழைய சம்பிரதாயம். அண்ணன் சீர்திருத்தவாதி. எங்கோ உடைத்த வண்டியிலிருந்து பினியனை மட்டும் கொண்டுவந்து என் கிரவுனுக்குக் கட்டிவைத்தார். பல்லில் மை தடவி எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பது, ஷிம் வைத்து இடைவெளியைச் சரிசெய்வது போன்ற ஜாதகப் பொருத்தங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

பலன் கைமேல். முன்பு ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் ஊளையிட்ட வண்டி, இப்போது காலை எடுத்தாலும் பாரபட்சமின்றி ஊளையிடுகிறது. ஹாரன் தேய்மானம் மிச்சம். போன வாரம் இதைச் சொன்னபோதும் அண்ணன் அசரவில்லை. பின்சீட்டுக்குப் பின்னால், சத்தம் வரும் இடத்துக்கு நேர்மேலே, பெரிய ஸ்பீக்கர் இரண்டு போட்டுவிட்டால் எதுவும் கேட்காதாம். மச்சினன் கடையில் சரக்கு இருக்கிறது. மாட்டும் கூலி மட்டும் தனி.