பதின்மூன்று இன்ஸ்பெக்டரும் ஒரு தக்காளியும்

எங்கள் வீட்டில் போலீஸ் என்ற சொல்லுக்கு ஒரே ஓர் உபயோகம்தான் இருந்தது. சோறு ஊட்டுவது. "இந்த வாய் வாங்கலேன்னா கச்சேரி ரோடு ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்துடுவேன்" என்று மூன்று வருஷம் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அவன். ஏழாவது பிறந்தநாளுக்கு என்ன தீம் வேண்டும் என்று கேட்டபோது கண்ணிமைக்காமல் "போலீஸ்" என்றான். நான் மிரட்டல் என்று நினைத்ததெல்லாம் அவன் காதில் விளம்பரமாக விழுந்திருக்கிறது.

எங்கள் காலத்தில் பிறந்தநாளுக்குத் தீம் என்றால் கேசரி. இப்போது மயிலாப்பூரில் தீம் இல்லாமல் ஏழு வயது நிரம்பினால் பக்கத்து ஃபிளாட்டில் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். சரி என்று ஒரு பார்ட்டி ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டேன். ஜெயில் கம்பி பேக்டிராப், தரையில் சாக்பீஸ் ஆள் வடிவம், மஞ்சள் ரிப்பன், துப்பறியும் விளையாட்டு நடத்த ஒருவர், எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் என்றார். ஜி.எஸ்.டி. தனி.

என் கணவருக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் சரித்திரம் ஞாபகம் வரும். மெரினாவில் கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளைத் தூண் கட்டடம், அதுதான் டி.ஜி.பி. அலுவலகம், 1839இல் ஃப்ரீமேசன்கள் தங்கள் சங்கத்துக்காகக் கட்டியது. அதை 1874இல் போலீஸ் இலாகா விலைக்கு வாங்கியது. இருபதாயிரம் ரூபாய். "தலைமையகமே இருபதாயிரம். சாக்பீஸ்ல ஆள் வரையறதுக்கு நாற்பத்தெட்டா?" என்றார். வீட்டிலேயே நடத்துவது என்று தீர்மானமாயிற்று. அதாவது, நான் நடத்துவது என்று.

முதல் சிக்கல், எந்தப் போலீஸ்? மாமனாருக்குப் போலீஸ் என்றால் 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்' சிவாஜி. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் காக்கி போட்ட ஆட்கள், அவ்வளவுதான். கணவருக்கு 2003இன் 'காக்க காக்க' சூர்யா. பிள்ளைக்கும் சூர்யாதான், ஆனால் 'சிங்கம்' சூர்யா. அவனுக்கு வேண்டியது சூர்யாகூட இல்லை, அந்த மீசை. ஒரே நடிகரை வைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் இரண்டு நாள் பேசாமல் இருந்ததை இந்த வீட்டில்தான் பார்க்கலாம்.

துப்பறிபவர் யார் என்பதில் இன்னும் பெரிய தகராறு. கணவர் ஷெர்லாக் ஹோம்ஸ் என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம். "சங்கர்லால் இருக்கும்போது வெள்ளைக்காரன் எதுக்கு?" கல்கண்டு பத்திரிகை படித்து வளர்ந்தவர். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடியே துப்புத் துலக்குவதைப் பார்த்து, தானும் அறுபது வருஷமாகத் தேநீர் குடிக்கிறார். துப்பு ஒன்றும் துலங்கியதாகத் தெரியவில்லை. மறுநாளே தி.நகர் தணிகாசலம் சாலைக்குப் போய், மணிமேகலைப் பிரசுரத்தில் இரண்டு சங்கர்லால் புத்தகமும், வரும் வழியில் பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வந்துவிட்டார். தொப்பியும் கண்ணாடியும் சங்கர்லாலுக்கு அல்ல, தமிழ்வாணனுக்கு உரியவை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை கண்ணைக் காட்டினார். விட்டுவிட்டேன்.

என்னைக் கேட்டால் சம்பு. தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சம்பு. பாங்கி குமாஸ்தா, பார்த்தவர் எல்லாரும் அசடு என்று முடிவுகட்டும் ஆள். எதையோ செய்யப் போய் எதிலோ இடறி, குற்றவாளியின் மேலேயே விழுவார். ஒரு தாயாக ஏழு வருஷம் நான் கையாண்டு வரும் முறையும் அதுதான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

தி.நகரில் மாறுவேட உடை வாடகைக்கு விடும் கடையில் காக்கிச் சட்டை கிடைத்தது. தொப்பி பெரியவர்கள் அளவு; பிள்ளை போட்டதும் மோவாய் மட்டும் தெரிந்தது. தோளில் மூன்று நட்சத்திரம், ஓரத்தில் சிவப்பு நீல ரிப்பன், கையில் மூன்று பட்டை. எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். பிள்ளையை நிற்கவைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "தோள்ல இன்ஸ்பெக்டர், கையில ஏட்டு. சம்பளம் எதுல போடறது?" என்றார்.

வருகிற குழந்தைகள் எல்லாரும் போலீஸ் உடையில் வரவேண்டும் என்று அம்மாக்களுக்குச் செய்தி அனுப்பினேன். அதில்தான் தப்பு. அத்தனை பேரும் இன்ஸ்பெக்டர். ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லாத ஸ்டேஷன். திருடன்? ஒரு குழந்தையும் சம்மதிக்கவில்லை. தூக்குமேடைக்குக் கூப்பிட்ட மாதிரி உதட்டைப் பிதுக்கின. "நான் இருக்கேன்" என்றார் மாமா. ரொம்ப ஆர்வமாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் திருட்டுப்போகும் பொருள் அரைக்கிலோ மைசூர்பாகு. மாமாவுக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை.

திட்டம் இதுதான். எவர்சில்வர் டப்பாவை மாமா எடுத்து ஒளித்துவைக்க வேண்டும். குழந்தைகள் துப்புச் சீட்டுகளைப் படித்து, ரேகை எடுத்து, டப்பாவைக் கண்டுபிடித்து, திருடனைக் கைது செய்து, மைசூர்பாகைப் பங்குபோட வேண்டும்.

ரேகை விஷயத்தில் நான் கொஞ்சம் ஆழமாகவே இறங்கினேன். நம் வட்டாரத்துக்கு அதில் உரிமை உண்டு. காமராஜர் சாலையில் தடய அறிவியல் துறை இருக்கிறதே, அதன் வேர் 1849. விஷம் வைத்த வழக்குகளில் வயிற்றில் என்ன இருந்தது என்று பார்க்க, ரசாயனப் பரிசோதகர் என்று ஒருவரை நியமித்து மதராஸில் தொடங்கினார்கள். ரேகைக்கென்று தனி அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் வந்தது. எனக்குக் கிடைத்தது முகப்பவுடர், மேக்கப் பிரஷ், செல்லோடேப், கறுப்பு சார்ட் பேப்பர். முறுக்கு தின்ற விரலால் எவர்சில்வரைத் தொட்டால் ரேகை கல்வெட்டு மாதிரி விழுகிறது. பவுடரைத் தூவி, பிரஷ்ஷால் லேசாகத் தட்டி, டேப்பை ஒட்டி உரித்துக் கறுப்புத் தாளில் ஒட்டினால் கோடு கோடாக எழுந்து வருகிறது. முதல் தடவை வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கே புல்லரித்தது.

அத்தைக்கு இதெல்லாம் புதிதே இல்லை. "இது சங்கு, இது சக்கரம்" என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிட்டார். கைரேகைகளுக்கு ஹென்றி என்ற துரை வகுத்த பிரிவுகளில் சுழி என்பது அத்தையின் சக்கரம், கண்ணி என்பது சங்கு. ஹென்றி துரை அதை வைத்துக் குற்றவாளியைப் பிடித்தார். அத்தை அதை வைத்து யார் வெளிநாடு போவார்கள் என்று சொல்வார்.

பிறந்தநாள் சனிக்கிழமை. முதல் விருந்தாளி அரை மணி முன்னதாகவே வந்தான். வந்தது தக்காளி. செய்தியைச் சரியாகப் படிக்காத அவன் அம்மா, பள்ளி மாறுவேடப் போட்டிக்கு எடுத்த உடையையே போட்டு அனுப்பிவிட்டார். ஸ்பாஞ்சில் செய்த உருண்டைத் தக்காளி, தலையில் பச்சைக் காம்பு. சோபாவில் உட்கார முடியாது. வாசற்படியில் நேராக நுழைய முடியாது, பக்கவாட்டில்தான். தெற்கு மாட வீதியில் பூ வாங்கிவிட்டு வருகிறேன் என்று அம்மா போய்விட்டார். பையனைப் பால்கனிப் பக்கம் நிறுத்திவிட்டு நான் பலூன் ஊதப் போனேன்.

ஐந்து மணிக்கு ஸ்டேஷன் நிரம்பியது. எல்லாருக்கும் ஐப்ரோ பென்சிலால் மீசை வரைந்தேன். பெண் குழந்தைகள் நான்கு பேரும் தங்களுக்குத்தான் பெரிய மீசை வேண்டும் என்றார்கள். அடுத்த தவறாக ஆளுக்கொரு விசில் கொடுத்தேன். கிளம்பும்போது கொடுக்க வேண்டியது. பதினாலு விசிலும் ஒன்றாக ஊதியதில் எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி ஓடி வந்தார். அடுத்த அபார்ட்மென்ட் செக்யூரிட்டியும் ஓடி வந்தார்.

சிறப்பு விருந்தினர் எதிர் வீட்டு சப்-இன்ஸ்பெக்டர். பிறந்தநாள்காரனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். "நேத்து வரைக்கும் நீ என்ன செஞ்சாலும் குத்தமில்ல. ஏழு வயசு முடியற வரைக்கும் சட்டம் தொடாது. நியாய சன்ஹிதா, இருபதாவது பிரிவு. இன்னிக்கு ஏழு முடிஞ்சுது. இனிமே புரிஞ்சு செஞ்சியா புரியாம செஞ்சியான்னு பார்ப்பாங்க. இருபத்தொண்ணு." வாழ்த்து என்று நினைத்துத்தான் சொன்னார். பிள்ளை யோசித்தான். பக்கத்தில் நின்றவனைக் காட்டி, "இவனுக்கு டிசம்பர்லதான் அங்கிள் ஏழு. இவன் என்ன வேணா பண்ணலாமா?" என்றான். அந்தக் குழந்தை மெதுவாகத் திரும்பிக் கேக்கைப் பார்த்தது. நான் கேக்கை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

துப்புச் சீட்டுகளை ஒட்டி முடிப்பதற்குள் குழந்தைகளைக் கொஞ்சம் பிடித்துவையுங்கள், ஒரு துப்பறியும் கதை சொல்லுங்கள் என்று மாமாவைக் கேட்டது என் மூன்றாவது தவறு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்து, "1952ஆம் வருஷம், எழும்பூர்லேருந்து கிளம்பின போட் மெயில்ல ஒரு டிரங்குப் பெட்டி..." என்று ஆரம்பித்திருக்கிறார். ஆளவந்தார் கொலை வழக்கு! நான் ஓடி வருவதற்குள் ரயில் மானாமதுரை சேர்ந்து, பெட்டியைத் திறந்து, தலை எங்கே என்று தேடிக்கொண்டு எல்லாரும் ராயபுரம் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஓர் அம்மா தன் பெண்ணின் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பெண் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, "அப்புறம் தாத்தா?" என்றது. அதற்குப் பிறகு நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய எந்தத் துப்பும் அவர்களுக்கு ருசிக்கவில்லை. தண்ணீர் டாங்க்குக்குள் தலை இருக்கிறதா என்று பார்க்கத்தான் மொட்டை மாடிக்கே ஏறினார்கள். ஒரு விதத்தில் நல்லதாயிற்று. டப்பா டாங்க்குக்குப் பின்னால்தான் இருந்தது.

திறந்தார்கள். காலி. அடியில் நெய் மினுமினுப்பு, ஒரு துணுக்கு, ஓர் எறும்பு.

பதின்மூன்று இன்ஸ்பெக்டரும் என்னைப் பார்த்தார்கள். இது திட்டத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது? "ரேகை எடுங்க" என்றேன். பவுடர் போடக்கூட அவசியமில்லை. மூடியில் நெய்யில் பதிந்த ஒரு கட்டைவிரல், அச்சடித்த மாதிரி. பூதக்கண்ணாடிகள் வரிசையாக வந்தன. அத்தை வந்து வெறும் கண்ணால் ஒரு தடவை பார்த்தார். "சக்கரம். நடுவுல குறுக்க ஒரு வெட்டு. கல்யாணமான வருஷம் தேங்கா உடைக்கறேன்னு போட்டுக்கிட்டது."

எல்லாரும் கீழே வந்தோம். மாமா அசரவில்லை. "டப்பாவை ஒளிச்சு வெச்சது நான்தானே? என் ரேகை இல்லாம எதிர் வீட்டுக்காரர் ரேகையா இருக்கும்? தொட்டதுக்கு ஆதாரம் இருக்கு. தின்னதுக்கு எங்கே?" என்றார். சங்கர்லால் படித்தது வீண்போகவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி, "பாயின்ட்டுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அப்போது ஹால் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. மாடிப்படியில் ஏற முடியாததால் இத்தனை நேரமும் கீழேயே நின்றிருந்த தக்காளி.

"தாத்தா அப்பவே பால்கனில நின்னு சாப்ட்டுட்டாரே ஆன்ட்டி. யார்கிட்டயும் சொல்லாதேன்னு எனக்கும் ரெண்டு குடுத்தாரு."

இன்ஸ்பெக்டர்கள் விசில் ஊதினார்கள்.

இது திருட்டு ஆகாது என்று விளக்கினார் சப்-இன்ஸ்பெக்டர். பொருளை நாமே நம்பிக்கையோடு அவர் கையில் ஒப்படைத்திருக்கிறோம். அதை அவர் தின்றால் அது நம்பிக்கை மோசடி, பிரிவு 316. சாட்சிக்குக் கொடுத்த இரண்டு துண்டைத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். மாமா தொப்பியைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தார். பதின்மூன்று பேர் சூழ்ந்து, ஆளுக்கொரு விரலைப் பிடித்து, பிடிக்க விரல் போதாமல் வேட்டியைப் பிடித்து, அவரைப் பால்கனியில் அடைத்தார்கள். கேக் வெட்டும்போது ஜாமீனில் விட்டார்கள். கேக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் மாமாவை உட்காரவைத்து, மோதிர விரலில் ஊசியால் குத்தி, சொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டார் அத்தை. மெஷின் கொஞ்சம் யோசித்து 238 என்றது.

"மெஷின் பழசு" என்றார் மாமா.

அத்தை ஒன்றும் சொல்லாமல் அடுத்த விரலைப் பிடித்துக் குத்தினார். 241.