லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்

டென்வர், கொலராடோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமும், சித்தியின் நலமும், சித்தியின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்கள்: “ஏல, வீட்டுக்கு மாசாமாசம் லோன் கட்டிட்டு, லீவு விட்டா ஒரு வேனை வாடகைக்குப் புடிச்சி அதுக்குள்ள போயி எதுக்குல படுக்கிய?” நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் காது மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது. ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

நீங்கள் வேன் என்று சொன்னதை இங்கே ஆர்.வி. என்பார்கள். இதில் பல ஜாதி. பஸ் மாதிரியே இருப்பது கிளாஸ் ஏ. சின்ன வேனுக்குள் குடித்தனம் வைத்தால் கிளாஸ் பி. வேன் முகமும், டிரைவர் தலைக்கு மேல் ஒரு கட்டிலும், பின்னால் ஒரு வீடும் இருந்தால் கிளாஸ் சி. என்ஜின் இல்லாமல் இன்னொரு வண்டியின் பின்னால் இழுபட்டு வருவது டிரெய்லர். பெரும்பாலானவற்றை இந்தியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் செய்கிறார்கள். அந்த ஊரில் இந்த வண்டிகளுக்கென்றே ஒரு மியூசியமும் உண்டு. நாங்கள் எடுப்பது கிளாஸ் சி. 28 அடி நீளம். இரண்டு கட்டில், ஒரு சோபா, மூன்று பர்னர் கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஏசி, ஷவர், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. இதை ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டாம். ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போகிற அதே லைசென்ஸ் போதும். இதைச் சொன்னதும் சித்தி ரோட்டில் போகிற மற்றவர்களுக்காக ஒரு விளக்கு ஏற்றுவாள் என்று தெரியும். ஏற்றட்டும்.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது மைலேஜ். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள் சித்தப்பா. எதிர்க்காற்று அடித்தால் அதுவும் கிடையாது.

உயரம் பதினொன்றரை அடிக்கு மேல். அதை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. வட கரோலினாவில் டர்ஹம் என்ற ஊரில் ஒரு ரயில் பாலம், உயரம் 11 அடி 8 அங்குலமாக இருந்தது. அடியில் நுழைந்த லாரி, வேன்களின் கூரையைச் சீவிச் சீவியே உலகப்புகழ் அடைந்தது. 2019-இல் எட்டு அங்குலம் தூக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகும் சீவுகிறது. அது எங்கள் வழியில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பாலத்தைப் பார்த்ததும் உங்கள் மருமகள் சீட்டிலேயே தலையைக் குனிந்துகொள்கிறாள்.

நாங்கள் வழக்கமாகப் போவது யெல்லோஸ்டோன். 1872-இல் அரசாங்கம் காட்டை வளைத்து, உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று அறிவித்த இடம். இங்கிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்று ஒரு வெந்நீர் ஊற்று. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பீய்ச்சி அடிக்கிறது. அடுத்தது எப்போது என்று, பத்து நிமிஷம் முன்பின்னாக, நீங்கள் மின்தடை அறிவிப்பு ஒட்டுவீர்களே அதுபோல எழுதி ஒட்டுகிறார்கள். ஒரு வித்தியாசம், அங்கே சொன்ன நேரத்தில் வருகிறது.

தங்குமிடத்தின் பெயர் ஃபிஷிங் பிரிட்ஜ். பாலம் இருக்கிறது, மீனும் இருக்கிறது, ஆனால் அதன்மேல் நின்று மீன் பிடிக்க 1973 முதல் தடை. கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் கூடாரமோ துணிச்சுவர் வைத்த வண்டியோ உள்ளே வரக் கூடாது. சுவர் கெட்டியாக இருக்கிற வண்டி மட்டும்தான். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், காட்டெருமைக்கு 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். இந்தச் சட்டத்தைக் காட்டெருமைக்கு யாரும் சொல்லவில்லை. அது நடுரோட்டில் படுத்து அசைபோடும். பின்னால் இருபது வண்டி நிற்கும். ஒருவரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, நமக்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். கேம்ப்கிரவுண்டில் டிவி கிடையாது, ஆகையால் அக்கம்பக்கத்தார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இதைத்தான் பார்க்கிறார்கள். மருமகள் பின்னால் நின்று கையைக் காட்டுவாள். “வா” என்பதற்கும் “நில்” என்பதற்கும் அவளிடம் ஒரே சைகைதான். “இன்னும் போலாமா?” “போலாம், போலாம்… ஐயோ, மரம்!” கடைசியில் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெரியவர் பீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார். இரண்டே சைகையில் வண்டியை உள்ளே கொண்டுவந்துவிடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். அவர் அவளிடம் சொல்வது ஒன்றுதான்: “கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆனவன் நான். வாக்கிடாக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.”

நிறுத்தினால் மட்டும் போதாது, வண்டி சமமாக நிற்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி, ரசமட்டம் பார்த்து ஏற்ற வேண்டும். எதற்கு என்றால் ஃப்ரிட்ஜுக்கு. இந்த ஃப்ரிட்ஜில் மோட்டாரே கிடையாது சித்தப்பா. கீழே ஒரு கேஸ் ஜுவாலை எரிகிறது, அந்தச் சூட்டில் அம்மோனியா ஆவியாகிச் சுற்றி வந்து உள்ளே குளிர்விக்கிறது. வண்டி சாய்ந்தால் அந்தச் சுற்று நின்றுவிடும். நெருப்பு வைத்துத் தயிரைக் குளிர வைக்கிறார்கள் என்று தெருவில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது உங்கள் டிபார்ட்மெண்ட். வண்டி நிறுத்தும் இடத்தில் கரண்ட் பெட்டி, குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழி இருக்கலாம். மூன்றும் இருந்தால் ஃபுல் ஹூக்கப், வாடகையும் ஃபுல். இங்கே 120 வோல்ட். எங்கள் வண்டி 30 ஆம்பியர், பிளக்கில் மூன்று கால். பெருக்கினால் 3,600 வாட். ஏசிக்கு 1,500, மைக்ரோவேவுக்கு 1,500, சாம்பார் வைக்கிற எலெக்ட்ரிக் குக்கருக்கு 1,000. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் ‘டப்’. வீட்டில் இருக்கும்போது உங்கள் பேத்தி எல்லா அறையிலும் லைட்டைப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் விளையாடுவாள். இங்கே, “அப்பா, நான் ஹேர் டிரையர் போடறேன், ஏசியை நிறுத்துங்க” என்று அனுமதி கேட்கிறாள். “ஒரு அறையில ஆளிருந்தா ஒரு லைட்டு” என்று நீங்கள் வீடு முழுவதும் சொல்லிக்கொண்டு அலைந்தும் எங்களுக்கு ஏறாத பாடம் இது. பெரிய வண்டிகளுக்கு நாலு கால் பிளக், 50 ஆம்பியரில் இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட். அந்த வண்டிக்காரர்கள் எங்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

சமையலுக்கு வருவோம். ஃபிஷிங் பிரிட்ஜ் 7,700 அடிக்கு மேல். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிரப் பருப்பு வேகாது. வெள்ளைக்காரர்கள் பீன்ஸை மணிக்கணக்கில் வேகவைத்துவிட்டுக் கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நம் பிரஷர் குக்கர் மூன்று விசிலில் வேலையை முடித்துவிடும். விசிலில்தான் சிக்கல். முதல் விசிலுக்குப் பக்கத்து வண்டிக்காரர் கேஸ் லீக் என்று வெளியே ஓடி வந்தார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தமே கூடாது என்பது விதி. ஆகவே ராத்திரிச் சமையல் ஒன்பதரைக்குள். தாளிப்பது அதைவிட ஆபத்து. கடுகு வெடித்து மிளகாய் கிள்ளிப் போட்ட மறு நிமிஷம் கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறும். வெளியே வைத்துத் தாளித்தால் அலாரம் இல்லை. ஆனால் முடிந்த கையோடு கரண்டி, கடாய், எண்ணெய், குப்பை அத்தனையையும் வண்டிக்குள் எடுத்துப் பூட்டிவிட வேண்டும். கரடிக்கு வாசனை காட்டக் கூடாது. பெருங்காய டப்பாவை மருமகள் மூன்று பைக்குள் வைத்து முடிகிறாள்.

இனி எழுதப்போவதைச் சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம். வண்டிக்கு அடியில் மூன்று டேங்க். ஒன்று நல்ல தண்ணீர், 150 லிட்டர். இரண்டாவது கிரே டேங்க், குளித்த, கழுவிய தண்ணீர். மூன்றாவது பிளாக் டேங்க். அதில் என்ன என்று விளக்க வேண்டாம். சுவரில் ஒரு போர்டு, எந்த டேங்க் எவ்வளவு நிறைந்தது என்று விளக்கெரிந்து காட்டும். பிளாக் டேங்க் விளக்கு, காலி செய்த மறு நிமிஷமும் மூன்றில் இரண்டு பங்கு என்றே சொல்லும். உள்ளே சென்சாரில் என்னமோ ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் அதை நம்புவதில்லை, யாரும் அதைக் கழற்றுவதும் இல்லை.

சாக்கடைக் குழி இல்லாத இடத்தில் தங்கினால், கிளம்பும் நாள் காலை டம்ப் ஸ்டேஷனில், அதாவது டேங்கைக் காலி செய்யும் இடத்தில், வரிசை. கையுறை மாட்டி, மூன்று அங்குலக் குழாயை ஒரு முனையில் வண்டியிலும் மறுமுனையில் தரைக்குழியிலும் திருகிப் பொருத்தி, கறுப்பு வால்வை முதலில் இழுக்க வேண்டும். அது ஓடி முடிந்த பிறகுதான் கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால் குழாய் அலசிப் போகும். வரிசையை மாற்றினால் குழாய் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர், வக்கீல், ரிட்டையர்டு கர்னல் எல்லோரும் இந்த வரிசையில் கையுறையோடு நிற்கிறார்கள். வேலைக்காரன் வருவான் என்ற பேச்சே இங்கில்லை.

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. பிளாக் டேங்கின் பரம எதிரி காகிதம். தண்ணீர் குறைந்து காகிதம் கூடினால் உள்ளே கோபுரமாகக் கட்டிக்கொள்ளும், குழாய் வைத்தாலும் வராது. அதற்காக எளிதில் கரைகிற காகிதம் என்று தனியாகக் கடையில் விற்கிறார்கள். தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், காகிதத்தைக் குறையுங்கள் என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்கிறார்கள். நம் வீட்டு பிளாஸ்டிக் குவளை இந்தப் பிரச்சினையை வராமலே தீர்த்துவிட்டது. பக்கத்து வண்டிப் பெரியவர், “உங்கள் டேங்க் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக ஓடுகிறது?” என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, குவளை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

இப்படியே வருஷம் முழுவதும் வாழ்கிறவர்களும் உண்டு. வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடியிருக்கும் பெரியவர்கள். கோடையில் கேம்ப்கிரவுண்டில் வருகிறவர்களுக்கு இடம் காட்டுவதும் குப்பை பார்ப்பதும் அவர்கள் வேலை. அதற்குப் பதில் இடம் இலவசம். குளிர் வந்ததும் அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்ற குட்டி ஊருக்கு வந்து குவிகிறார்கள். கரண்ட் இல்லை, குழாய் இல்லை, கூரை மேல் சோலார் தகடு மட்டும். அந்த ஊர் இடுகாட்டில் உச்சியில் ஒட்டகம் வைத்த பிரமிட் சமாதி ஒன்று இருக்கிறது. 1856-இல் அமெரிக்க ராணுவம் ஒட்டகம் வளர்த்துப் பார்த்தபோது, அவற்றை மேய்க்கத் துருக்கி சுல்தானின் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த ஹாட்ஜி அலியின் சமாதி. ஹை ஜாலி என்று பேரையே மாற்றிவிட்டார்கள். என் பேரை ஆபீசில் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் அவர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். டென்வர் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. பில் வரும், பணம் தானாகக் கழியும். இந்த வண்டியில் ஒரு குவளைத் தண்ணீருக்கும் கணக்கு உண்டு, பிள்ளைகளே அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். மோட்டார் போட்டு மணி பார்த்து நிறுத்தி, மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து நீங்களும் சித்தியும் நடத்திய குடித்தனத்தை, நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறோம். அதற்குத்தான் அதற்குள் போய்ப் படுக்கிறோம். மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாடகை, பெட்ரோல், இடக்கட்டணம் மூன்றையும் கூட்டினால் நல்ல ஹோட்டலில் ரூம் போட்டுவிடலாம்.

அடுத்த கோடைக்கு நீங்களும் சித்தியும் வர வேண்டும். சித்திக்குக் கீழ்க்கட்டில், ஏணி ஏற வேண்டாம். உங்களுக்கு டிரைவர் பக்கத்து சீட்டும் கரண்ட் பெட்டி இன்சார்ஜும். ஒன்று மட்டும்: இங்கே பல இடங்களில் ஆறு மாசம் முன்னால் முன்பதிவு திறந்த சில நிமிஷங்களிலேயே இடம் தீர்ந்துவிடும். ஆகவே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இந்த வாரமே கொடுத்துவிட்டு, தேதியை எழுதுங்கள். வரும்போது டெஸ்டரை மறக்காமல் பெரிய பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்