பாசி ரசிகர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீது வந்து வீடு கட்டிக்கொள்ளும் பெருமக்களை நான் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். டாக்டர் சொன்னார் என்பதற்காக வந்தவர்கள் உண்டு. டாக்டரிடமிருந்து தப்புவதற்காக வந்தவர்களும் உண்டு. மே மாதத்தில் ஏற்காட்டு ஏரிக்கரையில் நெரியும் கூட்டத்தைக் கண்டு முகம் சுளித்துவிட்டு, அதே கூட்டத்துக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் 1820-களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்து சேர்த்த நாள் முதலாக, இங்கே வருகிறவர் எவரும் எதையாவது நட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பது என்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஆனால் அண்மையில் தலைச்சோலைப் பக்கத்தில் தோன்றியிருக்கும் ஒரு புதிய இனத்தார் எதையும் நடுவதில்லை. யாரும் நடாமல், யாரும் கேளாமல் தானே முளைத்ததைப் பெயர்த்து எடுத்துவந்து, வரவேற்பறையில் வைத்து உபசாரம் செய்கிறார்கள். இந்த இனத்தின் பூரணமான பிரதிநிதி ஒருவரை நான் நன்கு அறிவேன். அவருக்குப் பாசி ரசிகர் என்று பெயர் சூட்டியிருக்கிறேன்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சிரமமான காரியம் அன்று. எதிரே வருகிற நண்பரைக் கவனியாமல், அவருடைய முதுகுக்குப் பின்னாலுள்ள மதிற்சுவரைக் கண்டு முகமலர்ச்சி அடைகிறவர் அவர்தாம். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. கையில் நீர் தெளிக்கும் குப்பி. சட்டைப் பையில் முனை மழுங்கிய ஒரு கத்தி. பெரிய கம்பெனியில் பல நூறு பேரைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர் என்றாலும், அரை அங்குலத்துக்குமேல் வளரும் எதன்மீதும் இப்போது அவருக்கு மதிப்புக் கிடையாது. பக்கத்து எஸ்டேட்டில் ஒரு முதியவர் காலமானபோது துக்கம் விசாரிக்கச் சென்றவர், முறைப்படி தலைகுனிந்து மௌனமாக நின்றார். குனிந்த தலை நெடுநேரம் நிமிராததைக் கண்டு, அந்த நட்பின் ஆழத்தை வியந்து வீட்டார் மறுபடியும் கண்ணீர் உகுத்தார்கள். முற்றத்துக் கல்லிடுக்கில் செழித்திருந்த பாசியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. அதற்கு மறுநாள் காலையில் கத்தியோடு வந்து நின்றார். அதுவரை பொறுத்திருந்த பண்பை நாம் மெச்சத்தான் வேண்டும்.

நம்முடைய முன்னோர்கள் பாசியோடு கொண்டிருந்த உறவு வேறு விதமானது. குளத்துப் படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்ட உறவினர் ஒருவர் மூலமாகத்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதனோடு பரிச்சயம் ஏற்பட்டது. அடைமழை ஓய்ந்ததும் சுண்ணாம்பும் தென்னை மட்டையுமாகக் கிளம்பி, கிணற்றடியையும் முற்றத்தையும் கையில் ரத்தம் கட்டும்வரை தேய்த்துவிட்டு, பொங்கலுக்குள் வெள்ளையடித்து முடிப்பதே கிருகலட்சணம் என்று கருதப்பட்டது. “அந்த வீடு பாசி பிடித்துக் கிடக்கிறது” என்று ஒருவர் சொன்னால், சொத்து வியாஜ்யத்தில் போய்விட்டது, பிள்ளைகள் சரியில்லை, பெரியவர் படுத்த படுக்கை என்பதெல்லாம் அதிலேயே அடங்கியிருக்கும். அத்தகைய வீழ்ச்சியை நல்ல விலை கொடுத்து வரவழைத்து, அதற்கு விளக்குப் போட்டுக் காட்டுவதற்கு அசாதாரணமான தன்னம்பிக்கை வேண்டும்.

அவருடைய வரவேற்பறைக்குள் நுழைகிறவர் முதலில் எதற்கும் கண்களைப் பழக்கிக்கொள்ள வேண்டும். வெயில் ஆகாது என்று திரைகள் இழுத்து மூடப்பட்டிருக்கும். அடுத்ததாகத் தலையைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியர் ‘கோகெதாமா’ என்று சொல்லும் பாசி உருண்டைகள் உத்தரத்திலிருந்து நூலில் தொங்குகின்றன. சற்று உயரமான விருந்தாளி ஒவ்வொருவரும் நெற்றியில் ஒரு ஈரத் திலகத்தோடுதான் நாற்காலியை அடைகிறார். நாற்காலியிலோ பெரணி உட்கார்ந்திருக்கும். சுவரில் மான் தலை மாட்டும் இடத்தில் மான்கொம்புப் பெரணி ஒன்று பலகையில் அறையப்பட்டிருக்கிறது. வேட்டைக்காரத் துரைமார்கள் இருந்த பங்களாவில் இந்த மாறுதலை மட்டும் நான் மனமார வரவேற்கிறேன். மூலையில், காற்றில் ஒடிந்து விழுந்த சில்வர் ஓக் கிளை ஒன்று, சாம்பல் நிறச் செதில்கள் படர்ந்தபடி, கோயில் விக்கிரகத்துக்குரிய கௌரவத்துடன் நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தச் செதில்கள்தாம் லைக்கன்.

லைக்கன் என்ற சொல் வாயில் வந்துவிட்டால் பிரசங்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது ஒரு செடியே அன்று. பூஞ்சை ஒன்றும் நுண்பாசி ஒன்றும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். இதை 1860-களின் இறுதியில் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் அறிஞர் எடுத்துச் சொன்னபோது, லைக்கன்களையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பண்டிதர்கள் அவரைப் பரிகசித்தார்கள். பிறகு அவர் சொன்னதே நிலைத்தது. “பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது, பாசி வெயிலிலிருந்து உணவு சமைத்துப் போடுகிறது. என்ன அற்புதமான தாம்பத்தியம்!” என்று ரசிகர் பரவசப்பட்ட ஒரு மாலையில், காப்பித் தம்ளர்களை வைத்துக்கொண்டிருந்த வீட்டு அம்மாள், “அந்தப் பாசிக்கு என்றைக்காவது சமையலிலிருந்து ஓய்வு உண்டா என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

தம் வம்சாவளி சாமானியமானதன்று என்பதிலும் ரசிகருக்கு மிகுந்த கர்வம் உண்டு. லண்டனில் வார்டு என்ற வைத்தியர் 1829-இல் ஒரு விட்டில்பூச்சிக் கூட்டை ஈர மண்ணோடு புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவருக்கு மண்ணிலிருந்து ஒரு பெரணி முளைத்துக் காட்சி கொடுத்தது. புகை மண்டிய அந்த நகரத்தில், வெளியே நட்ட பெரணியெல்லாம் கருகிப்போக, மூடிய கண்ணாடிக்குள் தானே வந்தது தழைத்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டியில்தான் பிற்பாடு சீனத்துத் தேயிலைக் கன்றுகளும், நம் நீலகிரிக்குச் சின்கோனாவும் கடல் கடந்து வந்தன. அதே பெட்டி இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்குள் புகுந்ததும் பெரணிப் பைத்தியம் ஒன்று நாடு முழுவதும் பரவியது. கிங்ஸ்லி என்ற பாதிரியார் 1855-இல் அதற்கு ஒரு வியாதிப் பெயரே சூட்டிவிட்டார். அந்த வியாதி கப்பல் ஏறி, கடல் தாண்டி, இருபது வளைவும் ஏறித் தலைச்சோலையில் வந்து இறங்க நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கிறது, மலைப்பாதை அப்படி.

மலைக்கு வருவதற்கு முன்பே நோயின் அறிகுறிகள் தென்பட்டிருந்தன. சென்னையில் குடியிருந்த காலத்தில், குளிர்சாதனம் இட்ட கூடத்துச் சுவர் முழுவதும் பசும்பாசி பதிக்கச் செய்து, தினந்தோறும் விடியற்காலையில் எழுந்து, பன்னீர் தெளிக்கும் பக்தியோடு அதற்கு நீர் தெளித்து வந்தார். சில வாரங்களில் சுவரிலிருந்து பச்சைச் சாயம் சொட்டத் தொடங்கிச் சோபாவையும், சோபாவில் அமர்ந்திருந்த சம்பந்தியையும் நனைத்தது. விசாரித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அப்படிச் சுவரில் பதிக்கும் சரக்கு பெரும்பாலும் வடஐரோப்பாவில் பனிமான்கள் தின்னும் ஒரு லைக்கன். அதைக் கிளிசரினில் ஊறவைத்துச் சாயம் ஏற்றி அனுப்புகிறார்கள். அது பாசியும் அன்று, உயிரோடும் இல்லை. ஒரு பிரேதத்துக்கு அத்தனை நாளும் தண்ணீர் காட்டியிருக்கிறோம் என்ற வைராக்கியத்தில்தான் அவர் உயிருள்ள பாசியைத் தேடி மலையேறினார்.

மலையில் அவருக்கு வாய்த்த சத்துருக்கள் இரண்டு பேர். ஒருவர் சமையற்கார அம்மாள். கிளையில் படர்ந்திருக்கும் அந்தச் செதிலின் பங்காளியைத்தான் நாம் கல்பாசி என்று கடையில் வாங்கிச் செட்டிநாட்டுக் குழம்பில் தாளிக்கிறோம் என்பது ரசிகருக்குப் புத்தகத்தின் வாயிலாகவும், சமையற்கார அம்மாளுக்கு மூக்கின் வாயிலாகவும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குருமா வழக்கத்தைவிட மணமாக இருந்தது, விருந்தாளிகள் புகழ்ந்தார்கள், ரசிகரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார், பிறகு கை கழுவப் போகும் வழியில் மூலையிலிருந்த கிளையைப் பார்த்தார். அதைவிடப் பெரிய சேதம் மழைக்காலத்தில் நேர்ந்தது. பாறையில் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் ரோமம் அடர்ந்த தண்டைக் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் முடவாட்டுக்கால் கிழங்கு என்று கூவி விற்கிறார்கள். மூட்டுவலிக்குச் சூப் வைப்பது வழக்கம். பலகையில் கம்பி கட்டிப் பொருத்தி, இலை விடும் நாளுக்காக அவர் காத்திருந்த அந்தத் தண்டு, அவருக்கே முழங்கால் வலி வந்த ஓர் இரவில், மிளகும் சீரகமும் சேர்ந்து கிண்ணத்தில் வந்து நின்றது. வலி குறைந்ததா என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்ல விரும்பவில்லை.

மற்றொரு சத்துரு தோட்டக்காரர். அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. விஷயம் புரியவில்லை, அவ்வளவுதான். இந்த மலைக்காப்பியைத் தண்டுதுளைப்பான் என்ற வண்டு பாழாக்குகிறது. அது பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுவதால், அராபிகாச் செடியின் தண்டைத் தேங்காய் நாரால் தேய்த்து வழவழப்பாக வைப்பது எஸ்டேட் வேலைகளில் ஒன்று. சிறுவயது முதல் அந்த வேலை செய்து கை காய்த்துப்போன மனிதரிடம், “இந்தப் பாசியை அந்தக் கட்டையிலே ஒட்டு, அப்பா” என்றால் அவர் என்ன செய்வார்?

“ஒட்டணுங்களா ஐயா, உரிக்கணுங்களா?”

“ஒட்டணும்.”

“முன்னே இருந்த ஐயா உரிக்கச் சொல்லிக் கூலி கொடுத்தாருங்க.”

“நான் ஒட்டச் சொல்லிக் கொடுக்கிறேன்.”

“கொடுங்க. அடுத்து வர்ற ஐயா மறுபடி உரிக்கச் சொல்வாரு. நமக்கு வேலைக்குப் பஞ்சமில்லீங்க.”

ஒரு விஷயத்தில் ரசிகர் யோக்கியர் என்று நான் சாட்சி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காட்டுக்குள் கத்தியை எடுத்துச் செல்வதில்லை. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் வனவிளைபொருள்களை வரையறுக்கும்போது புல்லோடும் கொடியோடும் பாசியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் மாநிலத்துக்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சட்டத்தைவிடப் பெரிய நியாயமும் உண்டு. பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும் சில லைக்கன்கள் ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை; உள்ளங்கை அகலம் உள்ள ஒன்றைச் சுரண்டி எடுப்பவர் தம் தாத்தாவின் வயதுள்ள ஒன்றைச் சுரண்டுகிறார். வரவேற்பறை அழகுக்காக மூட்டை மூட்டையாக அதை அள்ளுகிறவர்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத என்னால் இயலாது. நம்மவர் ஒடிந்து விழுந்த கிளைகளோடும், சொந்த மதிலோடும், இடிக்கப்போகும் வீடுகளோடும் திருப்தி அடைகிறார். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையார் 1963-இல் நிறுவிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் பெண் பார்க்கப் போகிறவரைப் போலச் சலவைச் சட்டை அணிந்து போவார். அங்கே, காசி மலையிலிருந்து வந்து, பூச்சிகளைக் குடத்துக்குள் வழுக்கி விழச் செய்து ஜீரணிக்கும் குடுவைச் செடியின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, பெருமூச்சோடு திரும்புவார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னால் சேர்க்கப்பட்ட செடிப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. ஆகையால் அந்தக் காதல் காதலாகவே இருந்து வருகிறது.

கியோட்டோ நகரத்தில் சைஹோஜி என்ற கோயிலில் நூற்றிருபது வகைப் பாசிகள் தரையெங்கும் விரிந்திருக்கின்றன என்றும், முன்கூட்டியே அனுமதி பெற்றவர்களைத்தான் உள்ளே விடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டது முதல் அவருக்குத் தூக்கம் குறைந்தது. பராமரிப்பு நலிந்த காலத்தில் தானாகப் பரவியதுதான் அந்தப் பாசி என்று நான் எடுத்துச் சொன்னேன். பராமரிக்காமல் விடுவதற்கு அவருக்குப் பொறுமை இல்லை. கல்லில் மோரையும் தயிரையும் பூசினால் பாசி விரைவில் படரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மோர்க்குழம்புக்கென்று வைத்திருந்த தயிரை எடுத்துப்போய், தோட்டத்து வாசலில் நின்ற இடுப்பளவுக் கருங்கல்லுக்குத் தலைவழியாக ஊற்றினார். இந்த வைத்தியத்தால் பெரும்பாலும் பாசிக்குப் பதில் பூஞ்சணம்தான் வரும். வந்தது. ஆனாலும் அவர் சளைக்காமல், ஆடுமாடு தீண்டாதிருக்கக் கல்லைச் சுற்றிச் சிறு வேலி போட்டு, காலையில் குளித்த கையோடு ஒரு செம்புத் தயிரை ஊற்றிக் கண்ணை மூடிச் சற்று நேரம் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார். கண்ணை மூடியது புளித்த தயிர் நாற்றத்துக்காக.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இந்தக் காட்சியைச் சில நாள் பார்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கல்லின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை கற்பூரம் எரிந்தது. மே மாதத்துச் சேர்வராயன் திருவிழாவுக்கு மலையேறிய கூட்டத்தில் ஒரு பகுதி இங்கேயும் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போயிற்று. இது தெய்வம் அன்று, பாசி வளர்ப்பதற்கான ஏற்பாடு என்று அவர் வேலிக்குள் நின்றுகொண்டு விளக்கியபோது, பூசாரி அடக்கத்தினால் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஒரு கிழவி அவர் கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பேத்திக்குத் திருநீறு கேட்டாள். வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து திருநீற்று மடலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது அவர் சமாதானமாகிவிட்டார். தேங்காய் உடைத்தவர்கள் விட்டுச்செல்லும் கொட்டாங்கச்சிகளைப் பொறுக்கிக் கழுவி, துளையிட்டு, நர்சரியில் வாங்கிய ஆர்க்கிட்டுகளை அவற்றில் கட்டித் தொங்கவிடுகிறார். உத்தரத்தில் இன்னும் இடம் இருக்கிறது என்றும், ஆடி வெள்ளி வந்துவிட்டால் நிலைமை சீர்ப்படும் என்றும் சென்ற வாரம் என்னிடம் சொன்னார்.