காட்டுச் சட்டைக்காரர்

பழவேற்காட்டு ஏரியின் அண்ணாமலைச்சேரிக் கரையில் காடு கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், அது வற்றிய இடத்தில் வெளிறிப்போன சேற்றுத் தரை, கரையோரம் நாலு பனை, கொஞ்சம் சீமைக் கருவேலம். ஆனாலும் மார்கழி பிறந்துவிட்டால் ஞாயிறுதோறும் அங்கே ஒருவர் காரிலிருந்து இறங்குவார். சட்டை, கால்சட்டை, தொப்பி, முதுகுப்பை, லென்ஸுக்கு மாட்டிய உறை, எல்லாவற்றிலும் இலையும் கிளையுமாக அச்சடித்திருக்கும். பறவையின் கண்ணில் படாமல் நிற்பதற்காம். அந்த வெட்டவெளியில் கண்ணில் படுகிற ஒரே ஆசாமி அவர்தான். பூநாரைகள் கழுத்தை நீட்டி இந்தப் புதருக்கு நடக்கத் தெரிகிறதே என்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மேயத் தொடங்கும்.

சென்னையில் அவர் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ நல்ல வேலையில் இருப்பவர். வார நாட்களில் சாதுதான். சனிக்கிழமை இரவு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்ததும் ஆள் மாறிவிடுவார். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, பொன்னேரியில் டீ குடித்து, வெளிச்சம் வருவதற்குள் கரையில் நிற்பார். கூட வந்த மைத்துனர் சும்மா இருக்க மாட்டாமல், "இதெல்லாம் சைபீரியாவுலேர்ந்து வருதாமே?" என்று கேட்டுத் தொலைப்பார். அவ்வளவுதான். பூநாரைகள் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் குஞ்சு பொரிப்பவை; குஞ்சுகள் சாம்பல் நிறம்; அந்த இளஞ்சிவப்பு தின்கிற இரையிலிருந்து வருவது; அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுச் சலித்துத் தின்னும்; சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது; பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது; நம் பக்கம் 1980-இல் சரணாலயமானது. மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். அத்தனையும் சரியான தகவல், அதுதான் கொடுமை. மைத்துனர் மறுபடி வாய் திறந்தால் இட்லி எங்கே என்பதற்காகத்தான் இருக்கும்.

பிறகு நடைப்பயணம். காலில் மலையேறுகிறவர்கள் போடும் விலையுயர்ந்த ஷூ. தண்ணீர் உள்ளே புகாது என்று உத்தரவாதம் கொடுத்த ஷூ. இருபதடி போனதும் சேறு கணுக்காலைத் தாண்டி மேல்வழியாகவே உள்ளே இறங்கிவிடும். உள்ளே தண்ணீர் வராதபடி செய்த ஷூவிலிருந்து சேறு வெளியே போகுமா என்ன? ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் புதையும். கழுத்தில் தொங்கும் அறுநூறு எம்.எம். லென்ஸ் முன்பக்கம் இழுக்கும். கொஞ்ச தூரத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கொக்கு நிற்கும். அது அவர்களைச் சட்டை செய்வதே இல்லை.

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் போறீங்களா? ஃபிரேமுக்குள்ள வர்றீங்க."

ஒருத்தி பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வாள்: "இறாலு இங்கதான சார் கீது."

பெண்களை விட்டு வலைக்கு வருவார். கழி ஊன்றி வலை கட்டிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் குழைவார். "தலைவரே, அந்தக் கழி ரெண்டும் படத்துல விழுது. ஒரு அரை மணி நேரம் எடுத்துடுங்களேன்."

"அது எங்க பாடு சார். இன்னிக்குத்தான் எங்களுக்கு மொறை."

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பது குப்பங்கள் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொண்ட விஷயம். அதற்குப் பெயர்தான் பாடு. முறை தப்பினால் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். நம்மவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வெச்சுக்கக் கூடாதா?" என்பார்.

படகும் கேட்டுப் பார்ப்பார். 2011-ஆம் வருடம் கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஏரி இது. அதற்கப்புறம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை. பெரியவர் தலையை மட்டும் ஆட்டுவார். உடனே போனை எடுத்து, பறவை எங்கே எத்தனை என்று காட்டும் செயலியைப் பெருமையோடு அவரிடம் நீட்டுவார் நம்மவர். பெரியவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "மொகத்துவாரம் எப்போ தொறக்கும்னு அதுல போட்டுக்குதா சார்?" என்று கேட்பார். மணல் தூர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் கடல்தண்ணி ஏறாது; கடலில் பிறந்த இறால் குஞ்சும் உள்ளே வராது. முழங்கால் தண்ணீர் பூநாரைக்குக் கொண்டாட்டம். வலைக்காரர் வயிறு வேறு கணக்கு. செயலியில் அந்தப் பக்கம் இல்லை.

எட்டு மணி வாக்கில் ஒரு பையன் விளையாட்டாகக் கல்லெறிவான். பறவைகளைத் தொந்தரவு செய்வது எவ்வளவு பெரிய பாவம், ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அதற்கு எவ்வளவு சக்தி வீணாகிறது என்று அவனுக்குப் பிரசங்கம் நடக்கும். பையன் தலை குனிந்து கேட்டுக்கொள்வான். அவன் போனதும் நம்மவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையை மூன்று முறை பலமாகத் தட்டுவார். கூட்டம் மொத்தமும் எழும்பும். இறக்கையின் அடியில் அந்தச் சிவப்பும் கறுப்பும் விரியும்போது, வஞ்சனை இல்லாமல் சொல்வதானால், யாருக்குமே வாய் பிளக்கும். அவருக்கு மட்டும் பிளக்காது. லென்ஸ் இன்னும் ஃபோகஸ் ஆகிக்கொண்டிருக்கும்.

பழவேற்காடு ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். அதை அவர் பார்த்ததில்லை. அங்கே பறவை இல்லையே. நண்டு மட்டும் மறக்காமல் வாங்குவார். காலையில் ஃபிரேமிலிருந்து தள்ளிப் போகச் சொன்ன அதே கைகள் பிடித்த இறாலையும் பேரம் பேசி அரைக் கிலோ வாங்குவார்.

இரவு வாட்ஸப் குழுவில் படம் ஏறும். கழியும் இல்லை, வலையும் இல்லை, மனிதர்களும் இல்லை. கணினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்திருப்பார். 'தீண்டப்படாத இயற்கை' என்று தலைப்பு. எந்த இடம் சார் என்று நாலு பேர் கேட்பார்கள். பறவைகளின் பாதுகாப்புக் கருதி இடத்தை வெளியிடுவதில்லை என்று பதில் போட்டுவிட்டு, கேட்ட நாலு பேருக்கும் தனித்தனியே லொகேஷன் அனுப்பி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வார்.

அடுத்த ஞாயிறு விடிகாலையில் அண்ணாமலைச்சேரிக் கரையில் ஐந்து கார் நிற்கும். இறங்கியவர்கள் அத்தனை பேரும் இலை போட்ட சட்டை. அன்றைக்குத்தான் பழவேற்காட்டுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் காடு வந்தது என்று டீக்கடைக்காரர் சொல்கிறார்.