வெடி வாங்கின மாப்ளைக்கு

வா மாப்ள, ஒக்காரு. நெய்வேலி டவுன்ஷிப்புல குவார்ட்டர்ஸ் கெடச்சதும் ஆளே மாறிட்ட. வீட்டுக்குப் பின்னால ஆலமரம், மரம் நெறைய வௌவால், அதை வெரட்ட ஒரு பை நெறைய வெடி. பலே! வௌவால்னா நிபா வைரஸ், நிபான்னா சாவுன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சாமே? அதுல வந்தா அப்பீல் ஏது. கொளுத்துறதுக்கு முன்னாடி இந்தக் கெழவனையும் கொஞ்சம் கேட்டுக்க.

வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தா நீயும் தொங்கு, நானும் தொங்குன்னு சொல்வாங்கல்ல? வைரஸுக்கு அங்க அதே மரியாதைதான். வௌவால் உடம்பு அதை அடியோட தொரத்தவும் தொரத்தாது, காய்ச்சல் வீக்கம்னு அமர்க்களமும் பண்ணாது. பாலூட்டிகள்ல சிறகடிச்சுப் பறக்குறது அது ஒண்ணுதான். பறக்க ஒடம்பு படுற பாட்டைத் தாங்கப் போயித்தான் இந்த நெதானம் வந்திருக்கும்னு விஞ்ஞானிங்க பேசிக்கிறாங்க. கொழம்புல உப்பு கொறைஞ்சாலே ஊரைக் கூட்டுற உனக்கு அந்த நெதானம் வருமா?

2018 மே மாசம் கோழிக்கோட்டுப் பக்கம் பேராம்பிராவுல நிபா வந்தப்ப, மொதல்ல மாட்டுனது ஒரு கெணத்துல இருந்த வௌவாலுங்க. புடிச்சுப் பாத்தா அது பூச்சி திங்கிற சாதி. ஒண்ணுத்துலயும் நிபா இல்ல. அப்புறந்தான் பழந்தின்னி வௌவால் 52-ஐச் சோதிச்சு 10-ல கண்டுபுடிச்சாங்க. உன்னாட்டம் ஆளு அங்க இருந்திருந்தா கெணத்துலயே வெடியைப் போட்டு கேஸை முடிச்சிருப்பான். செத்தவங்க 17 பேரு. மொதல்ல வந்த ஆளுக்கு வௌவால்கிட்டேருந்து வந்திருக்கலாம். மத்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில மனுஷன் மனுஷனுக்குக் குடுத்தது. பார்த்துக்கிட்ட நர்ஸ் லினியும் அதுலதான் போச்சு, பாவம். அப்ப ஆஸ்பத்திரிக்கும் வெடி வைக்கலாமா மாப்ள?

மலேசியாவுல 1998-ல நிபா வந்தப்ப என்ன ஆச்சு? பன்னிப் பண்ணைக்குள்ளயே பழமரத்தை வச்சாங்க. வௌவால் கடிச்சுப் போட்டதைப் பன்னி தின்னுச்சு, பன்னிகிட்டேருந்து மனுஷனுக்கு வந்துச்சு. நூத்துக்கு மேல சாவு. கொன்னு பொதைச்ச பன்னி பத்து லட்சத்துக்கு மேல. வௌவால் என்னமோ அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

நம்ம பக்கத்து வௌவாலும் யோக்கியம்னு நான் சர்ட்டிபிகேட் குடுக்கல. 2020-ல புனே வைராலஜிக்காரங்க தமிழ்நாடு, புதுச்சேரி வௌவால்லயும் ஒரு கொரோனா வைரஸைப் பாத்தாங்க. பதறாத, நம்மளை வீட்டுல பூட்டி வச்ச கோவிட் வைரஸ் அது இல்ல.

வெரட்டினா போயிடும்ங்கற. எங்க போகும்? அடுத்த பிளாக்குக்கு. அங்க உன் ஆபீசர் குடியிருந்தா உன் பாடு திண்டாட்டம். ஆஸ்திரேலியாவுல ஹெண்ட்ரான்னு நிபாவுக்குப் பங்காளி வைரஸ் ஒண்ணு, குதிரை வழியா மனுஷனுக்கு வரும். இருவத்தஞ்சு வருஷக் கணக்கைப் போட்டுப் பாத்து 2022-ல சொன்னாங்க: காட்டை அழிச்சு, சாப்பாடு இல்லாம வௌவால் ஊருப் பக்கம் ஒதுங்குறப்பதான் அது குதிரைக்குத் தாவுது, மிச்சமிருக்குற காடு குளிர்காலத்துல நல்லாப் பூத்தா தாவல. பசியும் பதட்டமும் வந்தா வௌவால் வைரஸை அதிகமாக் கொட்டுது.

இன்னொண்ணு பாத்திருக்கியா? நாளெல்லாம் தலைகீழாத் தொங்குற பழந்தின்னி, ஒண்ணுக்குப் போக மட்டும் கட்டைவெரலை மாட்டிக்கிட்டு நிமிந்துக்கும். மேல தெறிக்கக் கூடாதுன்னு அதுக்கு அவ்வளவு அக்கறை. நம்மாளு பஸ் ஸ்டாண்டு சுவத்தை என்ன பாடு படுத்துறான்!

வௌவாலுக்கு வெடி வேணாம், உன் வாய்க்குத்தான் காவல் வேணும். காலையில பாதாம் மரத்தடியில பாரு: சாறை உறிஞ்சிட்டுத் துப்புன சக்கை, பல்லு பதிஞ்ச பழம், எச்சி ஈரம்கூடக் காஞ்சிருக்காது. அணில் கடிச்ச பழம் ருசின்னு எடுத்துத் தொடைச்சு வாயில போடுவ. கடிச்சது அணிலா வௌவாலான்னு பல்லைப் பாத்துச் சொல்ல நீ என்ன பல் டாக்டரா? கடிபட்டதைத் தொடாத. நல்ல பழமானாலும் கழுவி, தோலைச் சீவித் தின்னு. செத்த வௌவாலைப் புள்ளைங்க வெறுங்கையால எடுக்க விடாத. வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லதுன்னு எவனாச்சும் சொன்னா, அவனை மொதல்ல தின்னச் சொல்லு.

காஞ்சிபுரம் பக்கம் விஷார்ல வௌவாலுக்காகத் தீபாவளி வெடியே வேணாம்னு இருக்காங்க. நீ தீபாவளி வராமலே வெடி வாங்குற ஆளு. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். பையை இங்க வச்சிட்டுப் போ. என் பேரனுங்க ரெண்டு பேருக்கும் இந்த வருஷச் செலவு மிச்சம்.